மண்ணும் ஓர் அரண்: செஞ்சியின் வான்விளிம்பு

ருவைஸ் வாழ் தமிழர் மலருக்கு எங்கள் ஊர் செஞ்சியின் பெருமை குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் அன்போடு கேட்டனர். பிறந்த மண்ணுக்குப் பட்ட கடனாக அதை ஏற்றேன். செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் கதையை இங்கே விரிக்கவில்லை. கூத்து மேடையருகே பாயில் சுருண்டபடி அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்.

கோட்டை என்றதும் நம் கண் மதிலுக்குப் போகிறது. வள்ளுவப் பெருந்தகையின் கண் அப்படிப் போகவில்லை. பொருட்பாலில் ‘அரண்’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தவர், மதிலைச் சொல்வதற்கு முன்பே நான்கு பொருள்களை எண்ணுகிறார்: தெளிந்த நீர், மண், மலை, நிழல் செறிந்த காடு. மற்ற மூன்றும் நமக்கு எளிதில் விளங்குகின்றன. மண் எப்படி அரணாகும்? எனக்கு நெடுநாள் இருந்த இந்த ஐயத்தைத் தீர்த்தவர் பரிமேலழகர். அது மதிலுக்குப் புறத்தே கிடக்கும் மருநிலம், பகைவர் மதிலை வந்து பற்றாதிருக்க விடப்பட்ட வெட்டவெளி என்று அவர் உரை காண்கிறார். மறைந்து வர ஒரு புதரும் இல்லாத வெளியில் பகைவன் தலை நெடுந்தொலைவிலேயே தெரிந்துவிடும். ஆக, ஒன்றும் கட்டாமல் விட்ட நிலமும் கோட்டையின் ஓர் உறுப்பு. மருநிலத்திலேயே வாழ்ந்து உழைக்கும் நமக்கு இந்த உரையின் அருமை மற்றவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே விளங்கும்.

அடுத்த குறட்பாக்களில் உயர்வு, அகலம், திண்மை, அருமை என்று மதிலுக்கு இலக்கணம் வருகிறது. உள்ளே உணவு நிறைந்திருக்க வேண்டும் என்பதும் வருகிறது. கபிலர் பாரியின் பறம்புக்குச் சொன்ன பெருமையும் இதுவே. மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உழவர் உழாமலே விளையும் மலை அது. முற்றுகையிட்ட மூவேந்தராலும் அதைப் பசியால் பணியவைக்க முடியாது என்கிறார் புலவர்.

இந்த இலக்கணத்துக்கெல்லாம் இலக்கியமாக நிற்பது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் ஒன்றாகப் பிணைக்கிறது. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. அதன் உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம் கிடக்கிறது. பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே நின்று ஒரு படையைத் தடுக்கலாம். கீழே களஞ்சியங்களும் ஆனைக்குளமும் கல்யாண மகாலும் இருக்கின்றன. பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் செஞ்சி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழியாகத் தந்தார். நான் மீண்டும் மீண்டும் திரும்பும் நூல் அது. கோனார் மரபினர் எழுப்பியதாக மரபு கூறும் கோட்டையை விசயநகர நாயக்கர் பெருக்கினர். பின்பு பீசப்பூர்ப் படை வந்தது. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1698-இல் கோட்டையைப் பிடிக்க ஏழாண்டுக்கு மேலாயிற்று. நீரும் நெல்லும் வெளியும் சேர்ந்து காத்த ஆண்டுகள் அவை. 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பார்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

கோட்டைக்கும் முந்தியது செஞ்சியின் சமண அறம். திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது.

2025 ஜூலையில் மராத்தியர் படைத்தலங்கள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் நிற்பது இது ஒன்றே. அன்று இங்கே நாம் இனிப்பு வழங்கினோம். ஆனால் பட்டயம் மட்டும் கோட்டையைக் காத்துவிடாது. நம் பக்கத்து நாடான ஓமானின் பஹ்லா அதற்குச் சான்று. இடைக்காலத்தில் நபஹானி மரபினர் ஆண்ட ஊர் அது. பச்சைச் செங்கல்லால் எழும்பிய கோட்டை, பேரீச்சந்தோப்பு, ஊரை வளைத்து மைல் கணக்கில் ஓடும் மண்மதில். 1987-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது, மறு ஆண்டே அபாயப் பட்டியலுக்குப் போனது. ஆண்டுக்கணக்காகச் செப்பனிட்டு 2004-இல்தான் மீண்டது. ஒரு பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். மாலை வெயிலில் தோப்புக்கு மேலே அந்த மண்கோபுரங்கள் மட்டும் எழுந்து நின்றன. அவற்றோடு போட்டியிட வேறெதுவும் இல்லை. என் மகள், “அப்பா, நம்ம செஞ்சி மாதிரியே இருக்கு” என்றாள்.

செஞ்சியும் அப்படியே தெரிய வேண்டும். இந்தியச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்கிறது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் திண்டிவனம் சாலையில் வருபவன் கண்ணுக்கு மலை தெரிவது 300 மீட்டரிலிருந்து அல்ல. பல கல் தொலைவிலேயே மூன்று குன்றுகளும் வானில் ஒரே கோடாக எழ வேண்டும். அந்த வான்விளிம்பை மறைப்பவை யாருடைய வீடுகள்? பெரும்பாலும் வளைகுடாவில் நாம் வியர்வை சிந்திச் சேர்த்த காசு கட்டும் வீடுகள். என் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன். வாடகை வரும் என்று இரண்டாம் மாடிக்கு ஏற்பாடு செய்திருந்தேன். பின்வீட்டுப் பெரியம்மா நாள்தோறும் வாசல் தெளித்துவிட்டு ராஜகிரி உச்சியைப் பார்த்துக் கும்பிடுவார் என்பது ஊருக்குப் போனபோதுதான் நினைவுக்கு வந்தது. கொடுத்த முன்பணத்தைக் கொத்தனாருக்கே விட்டுவிட்டு, வேலையை முதல் மாடியோடு முடித்துக்கொண்டேன்.

செஞ்சியில் மனை வாங்கியிருக்கும் அன்பர்களே, அடுத்த விடுப்பில் மாடிக்கு விலை பேசும் முன் ஒரு விடியலில் பின்வீட்டு வாசலில் நின்று மேற்கே பாருங்கள்.