டோட் லேன் மளிகைக் கடை

பி.காம்., எம்.பி.ஏ. படிக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு 'ரிலேஷன்ஷிப் மார்க்கெட்டிங்' என்பது பரீட்சைக்கு வரும் ஒரு கேள்வி. லியோனார்ட் பெர்ரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-ல் அந்தப் பெயரை வைத்தார். பெயர்தான் புதுசு, சங்கதி பழசு. இங்கிலாந்தில் ஒரு சின்ன மளிகைக் கடை அதை 1844-லேயே செய்து காட்டிவிட்டது.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்று ஒரு நெசவு ஊர். அந்தக் காலத்தில் தொழிலாளிக்குக் கூலி போதாது. கிடைத்த கூலிக்கும் நல்ல சாமான் கிடையாது. மாவில் சுண்ணாம்புத் தூள், எடையில் குறை. தட்டிக் கேட்கவும் முடியாது. ஏன்னா, கடைக்காரர் நோட்டில் பாக்கி நிற்கும்!

28 பேர் வாரம் சில பென்ஸாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் தெருவில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. சரக்கு அவ்வளவுதான். தெருப் பையன்கள் கேலி செய்தார்களாம்.

சுத்தமான சரக்கு, சரியான எடை என்று எந்தக் கடையும் போர்டு மாட்டலாம். இவர்கள் கடனே கொடுக்கவில்லை, அதுதான் விசேஷம். அதே ஊரில் 1833-ல் தொடங்கிய ஒரு கூட்டுறவுக் கடை கடன் கொடுத்தே இரண்டு வருஷத்தில் மூடப்பட்டிருந்தது. அக்கவுண்ட் நோட்டையே உறவாக நினைக்கும் நமக்கு இது கறாராகப் படும். எனக்கென்னவோ, அதில்தான் மரியாதை இருக்கிறது என்று தோன்றுகிறது. பாக்கி வைக்காதவன்தானே "சாமான் சரியில்லை" என்று தைரியமாகச் சொல்வான்? ஆனால், கையில் காசில்லாத பரம ஏழை வெளியேதான் நின்றான், அதையும் சொல்லணும்.

லாபத்தையும் முதல் போட்டவர்களே அள்ளிக்கொள்ளவில்லை. முதலுக்கு அளவான வட்டி. மிச்சம், உறுப்பினர் யார் எவ்வளவு வாங்கினாரோ அந்தக் கணக்கில் திரும்பி வந்தது. வாங்குகிறவர்தான் முதலாளி, அப்புறம் யாரை ஏமாற்றுவது? ஓட்டும் ஆளுக்கு ஒன்றுதான், பெண்களுக்கும் உண்டு. 1880-ல் உறுப்பினர்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தார்கள்.

அதே வழியில் 1904-ல் நம் திருவல்லிக்கேணியில் பிறந்ததுதான் டி.யூ.சி.எஸ். டோட் லேன் கடை இன்று மியூசியம். டி.யூ.சி.எஸ். கடையில் ஜனங்கள் இன்னும் ரேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.