மூட்டுவாதமும் குருதிச் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

எமது தீவகத்து மக்கள் முழங்கால் நோவு, இடுப்புப் பிடிப்பு, விரல் வீக்கம் ஆகிய யாவற்றையும் வாதம் என்னும் ஒரு சொல்லாற் குறிப்பர். சித்த மருத்துவ நூலாகிய யூகி வைத்திய சிந்தாமணி வாதநோயை எண்பதாக வகுத்துக் கூறும். பேச்சு வழக்கிலோ அவ்வகுப்பு மறைந்தது. பெயர் ஒன்றாகவே, மருந்தும் ஒன்றே என்னும் மயக்கம் எழுந்தது. ஒருவர்க்கு உதவிய குளிசையை மற்றொருவர் கேட்டு வாங்கி உண்ணும் வழக்கம் இம்மயக்கத்தின் விளைவேயாம். இதனை நீக்குதற்குக் குருதி எவ்வாறு சான்றாயிற்று என்பதை ஈண்டு நோக்குவாம்.

1848 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியப்பணி தொடங்கினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த பெருமை அவர்க்குரியது. அதே ஆண்டில் இலண்டனில் அல்பிரட் காரொட் என்பார், கவுட் என்னும் மூட்டுநோயுடையார் குருதியில் யூரிக்கமிலம் மிகுந்திருத்தலைக் கண்டறிந்தார். புறத்தே ஒத்துத் தோன்றும் மூட்டுநோய்களை அகத்தேயுள்ள குருதி கொண்டு பிரித்தறிதற்கு இதுவே வழிகோலிற்று. பின்னர் 1859 இல், நாம் இன்று மூட்டுவாதம் என வழங்கும் நோய்க்குத் தனிப்பெயரும் இட்டார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் தன் மூட்டுக்களையே தாக்குவது இந்நோய். விடியலில் நெடுநேரம் விரல்கள் விறைத்து நிற்றலும், இருகைகளிலும் சிறுமூட்டுக்கள் வீங்குதலும் இதன் குறிகளாம்.

1921 இல் சுவீடன் தேயத்து வெஸ்டர்கிரென், ஒரு கண்ணாடிக் குழாயிற் செங்குழியங்கள் ஒரு மணிநேரத்தில் எத்துணை மில்லிமீற்றர் கீழிறங்குகின்றன என அளக்கும் முறையை வகுத்தார். இதுவே ஈ.எஸ்.ஆர். சோதனை. இதுவும் சீ.ஆர்.பி. சோதனையும் உடலில் அழற்சி உண்டென்பதைக் காட்டுமேயன்றி, அஃது எந்நோயால் வந்ததென உரையா. 1940 இல் நோர்வே நாட்டு வாலரும் 1948 இல் அமெரிக்க நாட்டு றோசும் கண்ட மூட்டுவாதக் காரணிச் சோதனையும் முடிந்த முடிபன்று. நோயுள்ளார் சிலரில் அது காணப்படாது. நோயற்றார் சிலரிற் காணப்படும். ஆதலின் தாளிலுள்ள எண்ணை மட்டும் நோக்கி அஞ்சுதலும் மகிழ்தலும் தகா. மருத்துவர் மூட்டைத் தொட்டறிந்ததனோடு சேர்த்தே அவ்வெண்ணைப் பொருள்கொள்ளல் வேண்டும்.

இனி மருந்தின் வரலாறு. 1948 செப்டம்பரில் மருத்துவர் பிலிப் ஹென்ச் கோட்டிசோனை ஒரு நோயாளிக்கு ஏற்ற, நடக்கவியலாதிருந்த அப்பெண் சில நாளில் நடந்தார். 1950 இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆயினும் நெடுங்காலம் உட்கொள்ளின் எலும்பு மெலிதல் முதலிய தீங்குகள் விளைதல் பின்னர்த் தெளிவாயிற்று. நிலைத்த பயன் வேறொரு வழியில் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகூடத்திற் போலிக்கமிலம் ஆக்கப்பட்டது. அதற்கு மாறான மருந்துகளும் அங்கேயே தோன்றின. அவ்வழி வந்த மெதொட்ரெக்சேட் முதலிற் புற்றுநோய்க்கு உதவி, 1988 இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்திற்கும் ஏற்கப்பட்டது. 1948 இலேயே மறைந்த சுப்பாராவ் இதனைக் கண்டாரல்லர்.

இம்மருந்து வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளற்பாலது. மறதியால் நாடோறும் உண்டு உயிரிழந்தாரும் உலகிற் பலர். பக்கவிளைவைக் குறைத்தற்குப் போலிக்கமிலமும் உடன் கொடுக்கப்படும். மருந்து குருதிக்குழியங்களையும் ஈரலையும் தாக்குகின்றதா, சிறுநீரகம் அதனைச் செவ்வனே கழிக்கின்றதா என அறிதற்கே, தொடக்கத்திற் சில வாரங்களுக்கொருமுறையும் பின்னர் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கொருமுறையும் குருதி எடுக்கப்படுகின்றது. எனவே குருதிச் சோதனை இருவகைத்து: ஒன்று நோயை அளப்பது; மற்றையது மருந்தைக் காவல்செய்வது. நோவு தணிந்தபின் முன்னையது வேண்டாதது போலத் தோன்றலாம்; பின்னையது மருந்துள்ளவரை வேண்டும்.

தீவகத்தார்க்கு இவ்வேற்றுமையை அறிதல் இன்றியமையாதது. ஊர்காவற்றுறையார் பண்ணைப் பாலவழியே யாழ்ப்பாணம் செல்லலாம். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகாட்டுவானுக்குப் படகேறியே வரல்வேண்டும். காற்றுக் கடுமையான நாளிற் படகு ஓடாது. விறைத்த விரலோடு படகேறி இறங்குதலும் எளிதன்று. “நோவுதான் இல்லையே, இம்முறை போகாவிட்டால் என்ன?” என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. ஆனால் ஈரலுறும் தீங்கு பெரும்பாலும் நோவாய் முன்னறிவிக்காது. குருதியே அதனை முன்னுரைக்கும். கடல் தடுத்த நாளின், அடுத்த படகிற் செல்க. அண்மையிலுள்ள வைத்தியசாலையிற் சோதனைக்கு வழியுண்டோ எனவும் வினவுக. மருத்துவரைக் கேளாது மருந்தைத் தாமே நிறுத்துதலும் கூட்டுதலும் ஆகா.

கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தது மருத்துவர்களை ஆக்குதற்பொருட்டு. நோயாளரும் தம் நோயைத் தம் மொழியில் அறிதல் இக்காலத்துத் தேவை. கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரின் கிளினிக் கொப்பியைக் கையிலெடுத்து, எக்குளிசை எக்கிழமைக்குரியது, எச்சோதனை எதன்பொருட்டு என்பதை எடுத்துரைப்பாராயின், அவர் கற்ற கல்வி வீட்டிற் பயன் தந்ததாகும்.