மழலையர் வகுப்பறையும் எம்.சி. ராஜாவும்

கல்வி வரலாறு எழுதும் நாம், உயர்நிலைப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். குழந்தை முதன்முதலில் அமரும் அறையை மறந்துவிடுகிறோம். நம் முன்னோர்க்கு அடைபட்டிருந்தது அந்த அறையின் வாயிலே அன்றோ! உள்ளே விட்ட ஊர்களிலும் பலவற்றில் தனியிடமே நம் பிள்ளைகளுக்கு வாய்த்தது.

1893-இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். நம்முள் தோன்றிய ராவ் பகதூர் எம்.சி. ராஜா அவர்களோ, தாமே ஆசிரியராய் இருந்தவர். சட்டமன்றத்தில் நம் உரிமைக்கு வாதாடியவர். ஆர். ரங்கநாயகி அம்மையாருடன் இணைந்து 1930-இல் ‘கிண்டர்கார்ட்டன் ரூம்’ என்னும் மழலைப் பாடல் நூலையும் அவர் தந்தார். வாயிலில் நிறுத்தப்பட்ட இனத்தின் தலைவர், எல்லாப் பிள்ளைகளும் ஆடிப்பாடிக் கற்கும் அறையை எண்ணிப் பார்த்தார்.

நம் வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சிறு கைகள் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கின. பட்டாசுச் சரம் பின்னின. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேலைகளில் சிறுவரை அமர்த்துவதைத் தடை செய்தது. விடுபட்ட கைகளுக்கு ஆடிப்பாட இடம் வேண்டாமா? எஞ்சிய அறையை ஒன்றாம் வகுப்பிற்குத் தள்ளும் வழக்கத்தை விடுவோம். ஒளியும் காற்றும் நிறைந்த அகன்ற அறையை அதற்கே அளிப்போம்.