விசாரிக்காத நகரம்

சோதோமும் கொமோராவும் எரிந்த நாளின் அதிகாலையில் ஆபிரகாம் எழுந்து, முந்தைய நாள் கடவுளோடு பேரம் பேசி நின்ற அதே மேட்டுக்குப் போகிறார். கீழே பள்ளத்தாக்கைப் பார்க்கிறார். சூளையிலிருந்து கிளம்புவதுபோலப் புகை எழுகிறது. அவர் அழுதாரா, என்ன நினைத்தார் என்பதெல்லாம் ஆதியாகமத்தில் இல்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சித்ரா பௌர்ணமியன்று பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் ஆறேழு கிலோமீட்டர் ஏறி, வண்ணாத்திப்பாறை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயிலின் சிதைந்த மதில் ஓரமாக நின்றபோது எனக்கு அந்த ஆபிரகாம்தான் ஞாபகத்துக்கு வந்தார். கீழே கூடலூர், கம்பம் என்று பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள், வெயிலில் மின்னும் தகரக் கூரைகள். மதுரை அங்கிருந்து தெரியாது. எரிந்த நகரத்தைப் பார்க்க முடியாத தூரத்தில்தான் அதை எரித்தவள் வந்து நின்றிருக்கிறாள்.

என்னோடு ஏறியவன் என் பள்ளித் தோழன். கம்பத்தில் பொற்கொல்லர் வீட்டுப் பையன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு நகைப் பட்டறையில் வார்ப்பு மெஷின் பார்க்கிறான். அவன்தான் என்னைக் கூப்பிட்டான். "வருசாவருசம் போறேன்டா, இந்த வருசம் நீயும் வா." அவன் கூப்பிட்டது எனக்கு ஏன் உறுத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

கோயிலைப் பற்றி முதலில் கொஞ்சம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம், தமிழ்நாடு–கேரள எல்லை. வருடத்தில் ஒரே நாள்தான் திறப்பு. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. குமுளிப் பக்கமிருந்து புலிகள் காப்பகத்துக்குள் ஜீப் ஓடும். நம் பக்கமிருந்து நடைதான். 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசன் இந்த இடிபாட்டைச் சிலப்பதிகாரத்தின் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் சொன்னார். நூலின் கடைசிக் காதையில் 'மங்கல மடந்தை கோட்டம்' என்று வருவதும் இங்கே 'மங்கலதேவி' என்று வழங்குவதும் அதற்கு ஒரு பிடி. ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வமில்லை. கிழக்கு வாசல் வழியாகக் கணவனோடு மதுரைக்குள் வந்தவள், மேற்கு வாசல் வழியாகத் தனியாக வெளியேறி, வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மேடும் பள்ளமும் பார்க்காமல் ஒரு மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றாள் என்கிறது நூல். இன்றைக்கும் மதுரையிலிருந்து வைகையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடப்பவன் தேனிப் பக்கம் வந்துதான் ஆகவேண்டும். முல்லையாற்றைப் பிடித்து இன்னும் மேலே போனால் இந்த மலையடிவாரம்.

சரி, மதுரை ஏன் எரிந்தது?

பள்ளியில் சொல்லிக்கொடுத்த விடை ஒற்றை வரி: பாண்டியன் நீதி தவறினான். சோதோமுக்கும் அப்படியொரு ஒற்றை வரி உண்டு. ஆனால் நூலைத் திறந்தால் மதுரை கெட்டுச் சீரழிந்த ஊராகத் தெரிவதில்லை. 'ஊர்காண் காதை'யில் கோவலன் சுற்றிப்பார்க்கும் நகரம் செழிப்பானது, ஒழுங்கானது. மணிகளைத் தரம் பிரிக்கும் கடைத்தெரு, பொன் கடைத்தெரு, துணிக்கடைத்தெரு, தானியக்கடைத்தெரு. கணிகையர் வீதியும் இருக்கிறது. இளங்கோ அதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. நல்ல நிர்வாகம் உள்ள ஊர் என்ற எண்ணம்தான் வருகிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

தப்பு நடப்பது அரண்மனையின் ஒரு இடைவெளியில். அரசன் ஆடல் மகளிரின் ஆட்டத்தில் மனம் போக்கியிருக்கிறான். கோப்பெருந்தேவிக்கு ஊடல், தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அந்தப்புரத்துக்கு விரைகிறான். வாசலிலேயே பொற்கொல்லன் காலில் விழுந்து, காணாமல்போன சிலம்போடு கள்வன் ஒருவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். சிலம்பைத் திருடியது இவன்தான். அரசன் மந்திரியைக் கூப்பிடவில்லை, கோவலனைக் கூப்பிடவில்லை, சிலம்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கவுமில்லை. காவலர்களைக் கூப்பிட்டு, அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவாருங்கள் என்கிறான். போகிற போக்கில் கொடுத்த உத்தரவு.

இதற்குப் பிறகு வருவது இன்னும் மோசம். காவலர்களில் ஒருவனுக்குக் கோவலனைப் பார்த்ததும் சந்தேகம் வருகிறது. இவன் கொலைப்படத் தக்கவன் இல்லை என்கிறான். உடனே பொற்கொல்லன் பிரசங்கம் ஆரம்பிக்கிறான். கள்வர்களுக்குத் துணை எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. இன்னொரு காவலன் தான் பார்த்த திருடன் ஒருவனின் கதையைச் சொல்கிறான். பேச்சு நீள்கிறது. சந்தேகப்பட்டவன் வாயடைத்து நிற்கிறான். கடைசியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். வெட்டியவனுக்கு வெட்டுவதற்குக் காரணம்கூட இல்லை.

நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் துறையில், ஏதாவது பெரிசாக விழுந்து உடைந்தால் மறுநாள் 'ஆர்.சி.ஏ.' எழுதச் சொல்வார்கள். மூலகாரண ஆய்வு. அதில் முதல் விதி, ஆள் பெயர் எழுதக்கூடாது. எந்தெந்த இடத்தில் இதைத் தடுத்திருக்கலாம் என்று மட்டும் எழுதவேண்டும். கொலைக்களக் காதையை அப்படி எழுதிப் பார்த்தால் குறைந்தது மூன்று இடம் தேறும்: உத்தரவு கொடுத்த வாசல், சந்தேகப்பட்ட காவலன், உடைத்துப் பார்க்காத சிலம்பு. உள்ளே மாணிக்கமா முத்தா என்ற ஒரே கேள்விதான். கண்ணகி வந்து உடைத்த அந்தக் கணத்தில் முடிந்துபோன வழக்கு அது. முதல் நாளே உடைத்திருக்கலாம்.

இதே பிழை அந்த அரண்மனையில் முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 'கட்டுரை காதை'யில் மதுரையின் காவல் தெய்வம் மதுராபதி கண்ணகியின் பின்பக்கமாக வந்து, பாண்டியர்களின் பெருமையாகச் சில கதைகள் சொல்கிறாள். அதில் ஒன்று வார்த்திகன் கதை. தங்கால் என்ற ஊரில் ஒரு அந்தணன் வீட்டுச் சிறுவன் வேதத்தைப் பிழையில்லாமல் சொன்னதற்காக வழிப்போக்கர் ஒருவர் நகைகளைப் பரிசாகத் தந்துவிட்டுப் போகிறார். திடீரென்று வந்த செல்வத்தைப் பார்த்து அரசனின் ஆட்கள், இது அரசுப் பொருள் என்று சிறுவனின் அப்பா வார்த்திகனைச் சிறையில் போடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை கதறுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. அரசன் விசாரித்து, விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் எழுதிக்கொடுத்து மன்னிப்புக் கேட்கிறான். கதவு திறக்கிறது.

மதுராபதி இதைப் பெருமையாகச் சொல்கிறாள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. கையில் நகை இருக்கிறது, ஆகவே திருடன் என்ற அதே முடிவு. அதே அவசரம். அன்றைக்குக் கதவு மூடியது, தப்பித்தார்கள். கோவலனுக்கு எந்தக் கதவும் மூடவில்லை. மன்னிப்பும் மானியமும் கொடுத்தார்களே தவிர, கைது செய்யும் முன் கேள் என்ற வழக்கத்தை உண்டாக்கியதாகத் தெரியவில்லை.

பைபிளின் தீர்க்கதரிசிகள் நகரங்களை இந்த இடத்தில்தான் பிடிக்கிறார்கள். எசேக்கியேல் எருசலேமைப் பார்த்து, சோதோம் உன் சகோதரி என்கிறார். அவளுடைய அக்கிரமம் என்று அவர் முதலில் சொல்வது கர்வம், வயிறு நிறைந்த சாப்பாடு, கவலையற்ற சுகவாழ்வு, ஏழை எளியவனின் கையைப் பிடித்துத் தூக்காதது. அருவருப்பான காரியங்கள் பற்றி அடுத்த வசனத்தில் வருகிறது. ஆனால் தொடக்கம் இங்கேதான். ஏசாயா எருசலேமின் தலைவர்களையே சோதோமின் அதிபதிகளே என்று கூப்பிடுகிறார். நியாயம் குடியிருந்த நகரத்தில் இப்போது கொலைகாரர்கள் என்றும், உன் வெள்ளி கசடாகிவிட்டது என்றும் சொல்கிறார். பொற்கொல்லனின் உவமை. அதே புத்தகத்தில் திராட்சைத் தோட்டப் பாட்டு ஒன்றும் உண்டு. நல்ல கொடி நட்டு, காவல் கோபுரம் கட்டிக் காத்திருந்தவனுக்குக் காட்டுப்பழம்தான் கிடைத்தது. எபிரேயத்தில் அதன் முடிவு ஒரு சொல் விளையாட்டு: 'மிஷ்பாத்' எதிர்பார்த்தார், 'மிஸ்பாக்' வந்தது. முதலாவது நியாயம், இரண்டாவது ரத்தம் சிந்துதல். பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் பள்ளத்தாக்கில் இந்தப் பாட்டை யாரும் விளக்கவேண்டியதில்லை. காய் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆனால் பிற்காலத்தவர்களுக்கு இது வசதிப்படவில்லை. கர்வமும் சாப்பாடும் எல்லார் வீட்டிலும் இருப்பவை. சோதோமின் பாவத்தைச் சிறுகச் சிறுக ஒரு சிலரின் படுக்கையறைக்கு நகர்த்தினார்கள். ஊரின் பெயரே அந்தச் செயலுக்குப் பெயரானது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல் அது சட்டமானது. 1860இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவாக நம் ஊருக்கும் வந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்களின் சம்மதத்தோடு நடப்பது குற்றமில்லை என்று சொல்லும்வரை, கம்பத்திலும் தேனியிலும் இருந்தவர்கள் எங்கோ எரிந்துபோன ஒரு நகரத்துக்காகப் பயந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

மதுரையின் பாவமும் இப்படித்தான் நகர்ந்தது, அதுவும் நூலுக்குள்ளேயே. நெடுஞ்செழியன் தானே கள்வன் என்று சொல்லிச் செத்தான். அந்த நேர்மையை நான் குறைக்கமாட்டேன். கண்ணகியும் தீக்கடவுளிடம் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடச் சொன்னாள். ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்து நீதிமான்கள்வரை இறங்கிப் பேரம் பேசியதற்கு ஏறத்தாழ ஈடான இடம் அது. ஆனால் அதற்குப் பிறகு மழை பொய்த்தது, நோய் வந்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று பத்தினிக்குப் பலி கொடுத்தான். மழை பெய்தது. உரைபெறு கட்டுரையில் இது சாந்தி செய்ததாக, விழாவாகச் சொல்லப்படுகிறது. நீர்ப்படைக் காதையில் மாடலன் சேரனுக்கு ஒரு செய்திபோலச் சொல்லிவிட்டுப் போகிறான்.

விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றதற்குப் பரிகாரம், விசாரிக்காமல் ஆயிரம் பேரைக் கொல்வது. என் வாசிப்பில் மதுரை விழுந்தது தீயில் அல்ல, இங்கேதான். எரிந்த நாளில் அரசனுக்காவது தன் தப்பு தெரிந்தது.

இப்போது எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன். பள்ளியில் வழக்குரை காதை நடத்தி முடித்த வாரத்தில், வகுப்பில் ஒரு பையனின் ஜாமென்ட்ரி பாக்ஸ் காணாமல் போனது. "தட்டான் பையன்டா, அவன்கிட்ட கேளு" என்று ஒரு குரல் வந்தது. அது என் குரல். எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அந்த வருடம் முழுக்க அவனுக்கு 'சிலம்பு' என்றுதான் பட்டப்பெயர். நான் வைத்ததில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் அப்பாவை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பட்டறையில் பார்த்தேன், அம்மாவின் தோட்டைப் பற்றவைக்கக் கொண்டுபோனபோது. குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், உரைகல். தோட்டை வாங்கிக் கல்லில் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பாக்காம நாங்க எதையும் வாங்குறதில்ல. ஒங்க அம்மா தோடுன்னாலும் ஒரசித்தான் பாப்போம்." சாதாரணமாகத்தான் சொன்னார். பை விஷயம் அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

மலையில் வரிசை நீளமாக இருந்தது. கும்பிட்டுவிட்டு மதிலோரம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நான் பையைக் கொட்டின நாளைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் எதுக்குடா இப்ப" என்றான். கொஞ்சநேரம் கழித்து, ஆயிரம் பேர் கதை நிஜமாகவே புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டான். வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதாம். போனில் சேமித்து வைத்திருந்த உரைபெறு கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டுமுறை படித்தான்.

"பேரு எதுவும் போடலையேடா."

"அந்தச் சிலம்பு திருடினவனுக்கே பேரு இல்ல" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தான். இறங்கச் சொல்லிக் காவலர்கள் விசில் ஊத ஆரம்பித்திருந்தார்கள்.