புகைவிட்ட அத்லனும் எங்கட பெட்டியும்

எங்கட வாடகை அறைக் கம்பியூட்டர் கேம் தொடங்கிப் பத்து நிமிசத்தில சட்டென்று அணைந்துவிடும். புரொசசர் செத்திட்டுது என்று முடிவுகட்டி, புதுசுக்குக் காசும் சேர்க்கத் தொடங்கினோம். உண்மையில் அது சாகாமல் இருக்கத்தான் அணைந்திருக்கிறது.

எல்லாச் சிப்புக்கும் இந்தத் தற்காப்பு இருந்ததில்லை. 2001இல் டொம்ஸ் ஹார்ட்வெயார் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. குவேக் 3 ஓடிக்கொண்டிருக்கும்போதே, புரொசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்து, விளையாட்டை இழுத்து இழுத்து ஓட்டியது. பென்டியம் 3 உறைந்து நின்றது. ஏஎம்டியின் அத்லன் புகைவிட்டுக் கருகியது.

அதற்காகப் பென்டியம் 4 குளிர்ந்த சிப் என்று நினைக்கவேண்டாம். 2004இல் வந்த அதன் பிரெஸ்கொட் வகை சூட்டுக்கே பேர்போனது (அறை ஹீட்டர் என்று நக்கலடித்தவர்களும் உண்டு). அந்த வருடமே இன்டெல் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4ஐக் கைவிட்டது. வேகத்தை ஏற்றுவதை விட்டு, கோர்களைக் கூட்டும் வழிக்கு வந்தார்கள்.

எங்கட பெட்டியைத் திறந்து பார்த்தால் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசு. அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்கு. துடைத்து, பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து இறுக்கினோம். இப்ப அணைவதில்லை. சேர்த்த காசு மிச்சம்.