எட்டப்பன் யாருடைய பெயர்?

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் ஜாக்சன் காட்சி, புலம்பெயர்ந்த தமிழ்ப் பள்ளி மேடைகளுக்கும் வந்துசேர்ந்துவிட்டது. போன வருடம் மொன்றியலில் என் மகளின் முறை. மீசை ஒட்டி வசனம் பாடமாக்குவதற்கு முன் இருவருமாகப் படத்தை முழுதாகப் பார்த்தோம். போர்க்காட்சியில் அவள் கேட்டாள்: “அப்பா, இந்த இடம் இப்பவும் இருக்கோ?”

இருக்கிறது, ஆனால் பாஞ்சாலங்குறிச்சியில் இல்லை. பி. ஆர். பந்துலு இயக்கி 1959இல் வெளிவந்த அந்தப் படத்தின் போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. உண்மையான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டை. 1799இல் கும்பினிப் படை அதைப் பிடித்தது. 1801இல் சிறையிலிருந்து தப்பிவந்த ஊமைத்துரையும் அவருடைய ஆட்களும் சில நாட்களிலேயே அதை மறுபடி எழுப்பினார்கள். மண் என்பதால்தான் அது முடிந்தது. பிறகு அதுவும் தரைமட்டமானது. இன்று அங்கே நிற்பது 1974இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக்கோட்டை.

மொழியும் அப்படித்தான். கட்டபொம்மன் பிறந்த ராஜகம்பளத்தார் சமூகத்தின் வீட்டுமொழி தெலுங்கு. நாங்கள் பாடமாக்கும் செந்தமிழ் வசனம், சக்தி டி. கே. கிருஷ்ணசாமி 20ஆம் நூற்றாண்டு மேடைக்காக எழுதியது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்த உண்மையான சந்திப்பு கைகலப்பில் முடிந்து, கிளார்க் என்ற கும்பினி அதிகாரி இறந்தார். அதை விசாரித்த குழு கட்டபொம்மனைக் குற்றமற்றவர் என்றது. பதவி இழந்தவர் ஜாக்சன்தான்.

இந்தப் பிழைகளால் யாருக்கும் காயமில்லை. சினிமாவுக்கு மாளிகையும் வேண்டும், வசனமும் வேண்டும். காயப்படுத்தும் பிழை வேறொன்று.

எட்டப்பன் என்பது தனி ஒருவரின் பெயரல்ல. எட்டயபுரம் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூடிய பட்டம் அது. 1799இல் எட்டயபுரம் கும்பினியின் பக்கம் நின்றது உண்மை. அதற்கும் முன்பிருந்தே இரு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு இருந்ததும் உண்மை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. ஆனால் வசைச்சொல்லாக நிலைத்தது எட்டப்பன் மட்டுமே. அந்தப் பழியைப் படம் தொடங்கிவைக்கவில்லை. தமிழ் பேசும் ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாளையங்கள் தத்தம் எல்லைக்காக மோதிய காலத்தில், பின்னாளில் பிறந்த ‘நாடு’ என்ற எண்ணத்தை வைத்து ஒருவரைத் துரோகி என்பதுதான் படத்தின் பெரிய காலப்பிழை. பாரதி பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான்.

அந்தச் சொல் எங்கள் ஊருக்கும் வந்தது. மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடலின் கழுத்தில் ‘துரோகி’ என்ற அட்டை தொங்கியதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன தலைமுறை நாங்கள். அட்டையில் எழுதியது சரியா என்று கேட்க அன்று யாருக்கும் வாய் வரவில்லை.

இங்கே முருகன் கோவில் இருக்கும் டொலார்ட் டெஸ் ஓர்மோவும் ஒரு வீரனின் பெயர்தான். 1660இல் ஒட்டாவா ஆற்றங்கரையில் தோழர்களோடு மடிந்து மொன்றியலைக் காப்பாற்றியவன் என்று கியூபெக் அவனைக் கொண்டாடியது. அந்தக் கதையிலும் துரோகிகள் உண்டு: பக்கம் மாறிய ஹியூரன்கள். பிறகு வரலாற்றாசிரியர்கள் கேள்வி கேட்டார்கள். மே மாத விடுமுறையும் 2003 முதல் அவன் பெயரில் இல்லை. ஊரின் பெயர் அப்படியே இருக்கிறது. கேள்வி கேட்டதால் கியூபெக் எதையும் இழந்துவிடவில்லை.

மகள் மேடையில் வசனத்தைப் பிசகாமல் பேசினாள். நானும் எழுந்து கைதட்டினேன். காரில் திரும்பும்போது புதுக்கோட்டையையும் சேர்த்துக் கதையை முழுதாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: யாரோடு சண்டை வந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லி மட்டும் திட்டாதே, பிள்ளை.