மாத்திரை கொடுக்காமல் இருப்பதும் வைத்தியம்தான்!

முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு இரண்டு நாளாகச் சோர்வு. சிறுநீரைப் பரிசோதித்தால் கிருமி தெரிகிறது. உடனே ஆன்டிபயாடிக்! பல நாடுகளில் நெடுங்காலமாக இப்படித்தான் நடந்து வந்தது. ஆனால் முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு, நோய் எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதற்கு மருந்து தேவையில்லை. கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம்; மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்.

எந்த அறிகுறி இருந்தால் மருந்தைத் தொடங்கலாம் என்பதற்கு, கனடாவைச் சேர்ந்த டாக்டர் மார்க் லோப் குழுவினர் 2001-ல் விதிகளை வகுத்தனர். கனடாவிலும் அமெரிக்காவிலும் 24 இல்லங்களில் இந்த முறையைச் சோதித்த முடிவு 2005-ல் வெளிவந்தது. சிறுநீர்த் தொற்றுக்கான ஆன்டிபயாடிக் குறைந்தது. அதனால் இறப்பு கூடவில்லை.

நம் நாட்டில் பெரும்பாலான முதியவர்கள் இருப்பது வீட்டில். மாத்திரை வருவது மருந்துக்கடையிலிருந்து, பல நேரம் டாக்டர் சீட்டு இல்லாமலே. எனவே இங்கே கடையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

2010-ல் என்.டி.எம்-1 என்ற மரபணு பற்றிய ஆய்வு வெளியானது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே இது செயலிழக்கச் செய்யும். சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளிலும் அது இருந்தது. பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் நாட்டில் கோபம் எழுந்தது. பெயர் எதுவானாலும் ஆபத்து உண்மை என்று உணர்ந்த மருத்துவச் சங்கங்கள், 2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் கூடின. டாக்டர் அப்துல் கபூர் ஒருங்கிணைத்த அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் 'சென்னைப் பிரகடனம்'.

சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் விற்கக்கூடாது என்று ஒரே நாளில் அடித்துவிட்டால் என்ன ஆகும்? முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு முதியவருக்கு நிமோனியா என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடலூர் அல்லது ஊட்டி போக வேண்டும். டாக்டர் எளிதில் கிடைக்காத இடத்தில் முழுத்தடை, மருந்து உண்மையிலேயே தேவைப்படுபவரின் உயிரைப் பறிக்கலாம். அதனால்தான் பிரகடனம், குறையே இல்லாத சட்டத்தைவிட நடைமுறைக்கு ஒத்துவரும் சட்டமே போதும் என்றது. வீரியமான மருந்துகளை முதலில் கட்டுப்படுத்தச் சொன்னது.

2014 மார்ச் 1 முதல் 'ஹெச்-1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் இருந்த 46 மருந்துகளில் 24 ஆன்டிபயாடிக்குகள். இவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பதிவேடு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. மீதி நம் வீட்டில்தான் இருக்கிறது. தாத்தா பாட்டிக்குக் காய்ச்சலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் மாத்திரை வேண்டாம் என்று சொன்னால், இன்னொரு கடையைத் தேடி ஓடாமல் இருக்க வேண்டும்.